பதினேழு பிள்ளைகளுக்கும் ஒரே தேநீர்

கேள்வி: நாங்கள் முள்ளியவளைப் பக்கம் இருக்கிறோம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் என் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. முதலாம் தரத்தில் படிக்கிறாள். கார்ட்டூனில் கண்டுவிட்டு, சின்னக் கோப்பைகளில் தேநீர் ஊற்றிச் சிநேகிதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ‘ரீ பார்ட்டி’தான் வேண்டும் என்கிறாள். வகுப்பில் அவளோடு சேர்த்துப் பதினேழு பிள்ளைகள். கணவர் வயல் செய்கிறார். சிறுபோக நெல் விற்றால்தான் கையில் காசு. கனடாவில் இருக்கும் மச்சாள் மண்டபம், மூன்று அடுக்குக் கேக், படப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் தானே பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். நல்லூர்த் திருவிழாக் காலம், வீட்டில் முட்டைகூடக் கூடாது என்கிறார் மாமி. இன்னொன்றும் சொல்கிறார். குளக்கட்டுக்கு அப்பால் உள்ள குடியேற்றத்திலிருந்து மூன்று பிள்ளைகள் மகளின் வகுப்பில் படிக்கிறார்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களை அழைத்தால் சொந்தக்காரர் கதைப்பார்கள், விட்டுவிடு என்கிறார். அந்த மூவரில் ஒருத்திதான் மகளின் உயிர்ச் சிநேகிதி. இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கலாமா? என்ன செய்வது, எவ்வளவு செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எத்தனை வடை, எத்தனை கோப்பை என்று கணக்குப் பார்ப்பதற்கு முன் யார் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆகவே நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன விடயத்தையே முதலில் எடுக்கிறேன். பதினேழு பிள்ளைகளும் வர வேண்டும். வகுப்பில் நாலைந்து பேரை மட்டும் அழைப்பதென்றால் அது வேறு. நெருங்கிய கூட்டாளிகள் என்று எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள். எல்லோரையும் அழைத்து மூன்று பேரை மட்டும் விட்டால், அந்த மூன்று பேருக்கும் திங்கட்கிழமை காலையிலேயே காரணம் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்காது என்று பெரியவர்கள் சொல்வது நம்முடைய வசதிக்காக. உங்கள் மகளும் கேட்பாள், அவள் ஏன் வரவில்லை என்று. அப்போது என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்துப் பாருங்கள்.

மாமியிடம் கதைக்கும்போது, இது தேநீர் விருந்து என்பதை மறக்க வேண்டாம். இலங்கையில் தேயிலை தோட்டப் பயிரானது 1867இல், கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் ரெய்லரின் கையால் என்று பாடசாலையில் படித்தோம். அந்தச் செடியில் கொழுந்து பறித்த கைகள் இந்தப் பிள்ளைகளின் பாட்டிமாருடையவை, பூட்டிமாருடையவை. அதற்கும் முன்னர், கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காடு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். 1977 வன்முறைக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் இங்கே காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், நம்மோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமிக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும்.

வடக்கில் தேநீர் ஒருபோதும் வெறும் பானமாக இருந்ததில்லை. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் எல்லோரும் சமமாக உட்கார்ந்து, ஒரே மாதிரிக் கோப்பையில் குடிப்பதற்காகவே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்த காலம் அது. அதனால்தான் உங்கள் வீட்டு முற்றத்தில் பதினேழு பிள்ளைகளும் ஒரே கேத்தலிலிருந்து, ஒரே மாதிரிக் கோப்பையில் குடிப்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

இதை மாமியிடம் நீங்கள் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் சொல்லட்டும். மகன் சொன்னால் அது வீட்டு முடிவு, மருமகள் சொன்னால் அது வழக்கு. “எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று, அம்மா” என்ற ஒரு வசனம் போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் பேச்சு நீளும்.

முட்டை விடயத்தில் நான் முழுக்க மாமியின் பக்கம். திருவிழாக் காலம் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் சேர்ப்பதில்லை என்று ஒரு வயதானவர் காக்கும் நோன்பைப் பிறந்தநாளுக்காக உடைக்க வேண்டியதில்லை. முட்டை இல்லாமலே எல்லாம் செய்யலாம், கீழே சொல்கிறேன். அதோடு அவருக்கு முக்கியமான ஒரு வேலையும் கொடுங்கள். ஓகஸ்ட் மாதம் பனம்பழம் விழுகிற காலம். பனங்காய்ப் பணியாரம் மாமியின் பொறுப்பு. அந்தப் பதம் உங்களுக்கோ எனக்கோ வருவதைவிட அவருக்குத்தான் நன்றாக வரும்.

மகளின் சிநேகிதிக்கு அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் அவரையும் அழையுங்கள். ஆனால் ஒன்று: “உங்களுக்குத்தானே நல்லாத் தேநீர் போடத் தெரியும்” என்று சொல்லி அவரை அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள். நல்ல கதிரை ஒன்றில் உட்காரவைத்து முதல் கோப்பையை அவருக்குக் கொடுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். முற்றத்துச் செம்பருத்திக் கிளை ஒன்றே அதற்குப் போதும். விருப்பமில்லையென்றால் சும்மா இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். தோட்டத்து நினைவுகள் எல்லோருக்கும் சொல்லக்கூடியவையாக இருப்பதில்லை.

இனிக் கனடா. மச்சாளின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. ஆனால் மண்டபம் எடுத்தால் அது மகளின் விருந்தாக இருக்காது. ஆறு வயதுப் பிள்ளைகள் குளிரூட்டிய மண்டபத்தில் வரிசைக் கதிரையில் இருந்து, படம் எடுப்பவர் சொல்லும் பக்கம் திரும்பி, இரவு எட்டு மணிக்குப் பசியோடு தூங்கிவிழுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கேட்டது தானே ஊற்றித் தானே கொடுக்கும் விருந்து. மண்டபத்தில் அது நடக்காது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வருடம் நீங்கள் மண்டபம் எடுத்தால், அடுத்த மாதம் பிறந்தநாள் வரும் பிள்ளையின் தாய்க்கு அது ஒரு சுமை. நம் ஊர்களில் நுண்கடன் எடுத்துப் பிறந்தநாள் செய்யும் வீடுகள் இருக்கின்றன.

மச்சாளிடம் பணம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு செலவுகளை அவர் பெயரில் எழுதுங்கள்: இருபத்தைந்து சின்ன எவர்சில்வர் கோப்பைகள், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓட்டோக் கூலி. மிச்சத்தை மகளின் பெயரில் வங்கிச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள். விருந்தை ஞாயிற்றுக்கிழமை மாலை வையுங்கள். நமக்கு மாலை 4.30 என்றால் ரொறன்ரோவில் அன்று காலை 7 மணி. கேக் வெட்டும்போது காணொளி அழைப்பில் மச்சாள் வீட்டாரும் தங்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்கலாம். பத்து நிமிடம் போதும். அதன்பின் தொலைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் இருக்கும் படங்களை அவர்களின் பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் போட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தேநீருக்கு வருவோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு விருந்து நாளில் ஒரு சின்னக் கோப்பைத் தேநீர் கெடுதல் செய்யாது. நாள் தவறாமல் காலையிலும் மாலையிலும் சாயம் ஊறிய தேநீர் கொடுப்பதுதான் கெடுதல். தேநீரில் கபீன் இருக்கிறது. பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதை ஒரு நாளின் பாதுகாப்பான எல்லையாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வைத்தது. ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அப்படியென்றால் 60 மில்லிகிராம். பெரியவர்கள் குடிக்கும் கோப்பை ஒன்றில் 40 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். பிள்ளைக்கு அதே தேநீரை இரண்டு கோப்பை கொடுத்தால் எல்லை தாண்டிவிடும். இரவில் நித்திரையும் வராது.

ஆகவே பிள்ளைகளுக்குத் தனியாகப் போடுங்கள். இரண்டு லீற்றருக்கு 10 கிராம் தேயிலை, அதாவது தட்டையான ஐந்து தேக்கரண்டி அளவு. பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் என்றால் ஒருவருக்கு அரைக் கிராம் தேயிலைதான் வரும். கபீன் 20 மில்லிகிராமை எட்டாது. தேயிலையை மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் வடித்து, பாலும் ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு ஏலக்காயும் சேருங்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைச் சின்னச் சின்னதாக உடைத்துத் தட்டில் வைத்தால், நம் பாட்டன்மார் குடித்ததுபோல் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். சீனி கரைத்த தேநீரைவிடக் குறைவாகத்தான் உள்ளே போகும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும். பனங்கட்டியும் இனிப்புத்தான் என்பதால் ஆளுக்கு ஒரு துண்டு போதும்.

தண்ணீரைக் கவனியுங்கள். வன்னியில் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. அதில் தேநீர் போட்டால் மேலே ஆடைபோல் ஒரு படலம் மிதக்கும், நிறம் மங்கும், சுவையும் எடுபடாது. சுத்திகரித்த குடிநீர் விற்கும் இடத்தில் ஒரு கலன் வாங்கி அதிலேயே போடுங்கள். குடிக்கவும் அதே தண்ணீரை வையுங்கள்.

தேநீரில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள், மரக்கறியிலும் தானியத்திலும் கிடைக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கின்றன. கீரையும் பருப்பும் சோறுமாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். விருந்து இல்லாத நாட்களிலும் சாப்பாட்டோடு தேநீர் கொடுக்காமல் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். விருந்தன்று மத்தியானம் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வரும் பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தேநீரே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காக இன்னொரு கேத்தலில் இளஞ்சூடான மல்லித் தண்ணீரோ தேசிக்காய்த் தண்ணீரோ வையுங்கள். அதையும் அதே கோப்பையிலேயே ஊற்றுங்கள். வித்தியாசம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சோடா வாங்காதீர்கள். 2016இலிருந்து நம் நாட்டுக் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட நிறம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.

கார்ட்டூனில் மகள் கண்ட மேசை இங்கிலாந்துக்காரரின் பின்னேரத் தேநீர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே பசி எடுத்ததால், 1840 அளவில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தொடக்கிவைத்த வழக்கம் என்று சொல்வார்கள். ஓரம் வெட்டிய வெள்ளரிக்காய் சான்ட்விச்சும் சின்னக் கேக்கும் அதன் அடையாளம். அந்த ஆசையை நிறைவேற்றுவது சுலபம். இரண்டு இறாத்தல் பாண், கொஞ்சம் பட்டர், மெல்லியதாகச் சீவிய வெள்ளரிக்காய், துருவிப் பிழிந்த கரட், அவித்து மசித்த பீற்றூட். பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அடுக்கி முக்கோணமாக வெட்டினால் ஐம்பது துண்டுகள்வரை வரும். வெட்டிய ஓரங்களை எறியாமல் காயவைத்துத் தூளாக்கிக் கட்லட்டுக்குப் பிரட்டுங்கள். முட்டைக்குப் பதில் கோதுமை மாக் கரைசலில் தோய்த்தால் தூள் நன்றாக ஒட்டும்.

பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் என்று வையுங்கள். தம்பி தங்கைகள் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். பெரியவர்கள் எட்டுப் பேர். பிள்ளைக்கு இரண்டு சான்ட்விச், ஒரு கட்லட், ஒரு சின்ன உழுந்து வடை, இரண்டு பனங்காய்ப் பணியாரம், ஒரு துண்டுக் கேக், ஒரு கீற்று வத்தகப்பழம். இதற்குமேல் செய்தால் மிஞ்சும். தட்டு நிறைய வைத்துக் கொடுக்கும் நம் பழக்கத்தை அன்று கொஞ்சம் அடக்குங்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரிய தட்டைக் கண்டாலே பசி போய்விடும். குறைவாக வைத்தால் இன்னொன்று கேட்கும். கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்தான் பிள்ளைக்கு விருந்தின் இன்பம்.

பணியாரத்தை மாமி முதல் நாளே சுட்டு வைக்கட்டும். பனங்களியைத் துணியில் வடித்து நார் நீக்கி, சீனியோடு காய்ச்சி ஆறவிட்டு, மாச் சேர்த்துக் கிள்ளிப் போட வேண்டும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுட்ட அன்றைவிட மறுநாள்தான் அது சுவை. உங்கள் வேலையில் பாதி சனிக்கிழமையே முடிந்துவிடும்.

கேக்குக்கு நம் எருமைத் தயிர் இருக்கிறது. ஒரு கோப்பைத் தயிரை நன்றாக அடித்து, கெட்டியாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு இளக்குங்கள். முக்கால் கோப்பைச் சீனியை அதில் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள், நுரைத்து வரும். பிறகு அரைக் கோப்பை எண்ணெய், கொஞ்சம் வனிலா, கடைசியாக அரித்த கோதுமை மா ஒன்றரைக் கோப்பை. மாவைப் போட்டபின் அதிகம் அடிக்கக் கூடாது, கேக் இறுகிவிடும். 180 பாகை வெப்பத்தில் 35 முதல் 40 நிமிடம். போறணை இல்லையென்றால், அடிகனமான பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி மெல்லிய தீயில் விடுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். ஈர்க்குக் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். முப்பது பேருக்கு இரண்டு தடவை சுட வேண்டும். கிறீம் பூசாதீர்கள். ஓகஸ்ட் வெயிலில் பட்டர் ஐசிங் முற்றத்தில் பத்து நிமிடம் நிற்காது. ஐசிங் சீனியை மேலே தூவி, நடுவில் ஒரு பூ வைத்தால் அழகாக இருக்கும்.

வெப்பம் 32 பாகைக்கு மேல் இருக்கும் நாளில் சமைத்த உணவையும் பால் சேர்ந்ததையும் வெளியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் பரப்பிவைத்துப் படம் எடுக்கும் வேலை வேண்டாம். பகுதி பகுதியாகக் கொண்டுவாருங்கள். பால் தேநீரை மூன்றே முக்காலுக்குப் போட்டுச் சுடுநீர்ப் போத்தலில் அடைத்துவிடுங்கள்.

யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேளுங்கள். முக்கியமாகக் கச்சான், பால். கூட வரும் மூன்று, நான்கு வயதுத் தம்பி தங்கைகளுக்கு முழுக் கச்சானும் முழுக் கடலையும் கெட்டி ரொபியும் கொடுக்க வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெடித்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள், அவையும் அப்படித்தான்.

அலங்காரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் பலூன் வளைவும் பதாகையும் அரை மணித்தியாலம் தாங்காது. வேப்ப மரமோ மாமரமோ இருந்தால் அதன் நிழலில் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கி, பாய் விரித்து, நடுவில் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரு சேலை விரியுங்கள். தட்டுக்கு வாழையிலைத் துண்டு. குளத்தில் தாமரை நிற்கும் ஊர் என்பதால் தாமரை இலையும் கிடைக்கும். ஒருதடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சிகள் 2023 ஒக்டோபரிலிருந்து இங்கே தடை. கடைகளில் இன்னமும் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நுரை அடிக்கும் போத்தலும் எரியும் மெழுகுதிரியும் ஒன்றாக இருக்கவே கூடாது. அந்த நுரையை வெளியே தள்ளும் வாயு தீப்பிடிக்கும்.

இதைவிட முக்கியமானவை மூன்று. கிணற்றுக்குக் கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அன்று வலையோ பலகையோ போட்டு மூடுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும். கொதிக்கும் கேத்தல் பிள்ளைகள் இருக்கும் பக்கமே வரக் கூடாது. தவறிச் சூடு பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை எதுவும் பூச வேண்டாம். புதையல் தேடும் விளையாட்டு வைப்பதென்றால் உங்கள் வேலிக்குள் மட்டும், நீங்கள் நாளாந்தம் கூட்டிப் பெருக்கும் இடத்தில் மட்டும். பற்றைக்குள்ளோ வாய்க்கால் ஓரத்திலோ ஒளித்துவைக்காதீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் வெடிபொருள் அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. இரும்புத் துண்டு எதையும் தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடுவார்கள்.

நேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரை. இந்த வயதுக்கு இரண்டு மணித்தியாலம் தாராளம். வந்தவுடன் கைகழுவ வாளியும் சவர்க்காரமும். முதல் அரை மணித்தியாலம் விளையாட்டு. சங்கீதக் கதிரையில் தோற்ற பிள்ளையை வெளியே அனுப்பினால் அழுதுகொண்டு மூலையில் இருக்கும். அதற்குப் பதில் கதிரையை மட்டும் குறையுங்கள், பிள்ளைகள் எல்லோரும் இருக்கட்டும். கடைசியில் ஒரே கதிரையில் பதினேழு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி இருக்க முயலும்போது எழும் சிரிப்பை நீங்கள் எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பிறகு கேக், மச்சாளின் காணொளி.

அதன்பின்தான் உண்மையான தேநீர் விருந்து. நாலு நாலு பேராக வட்டமாக இருத்துங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பிடியுள்ள சின்ன யாடி ஒன்று, பாதியளவு தேநீர், விரலை வைத்தால் சுடாத இளஞ்சூட்டில். விதி ஒன்றே ஒன்று: தனக்குத் தானே ஊற்றக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஊற்ற வேண்டும். முழுக் கவனத்தோடு நாக்கை மடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். சிந்தும், சிந்தட்டும், பாய் கழுவக்கூடியது. உங்கள் மகளே முதலில் எழுந்து, பெரியவர்களின் கதிரைப் பக்கம் போய் இரண்டு பாட்டிமாருக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்காரட்டும். விளையாட்டுத் தேநீர்ச் செட் வைத்திருந்தால் அதில் உண்மையான தேநீர் ஊற்ற வேண்டாம். பல விளையாட்டுக் கோப்பைகள் உணவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

குடித்து முடிந்தபின் அமைதியான வேலை ஒன்று வேண்டும். கடுஞ்சாயமாக ஊறிய தேநீரை மூன்று சிரட்டைகளில், கடுமையாக, நடுத்தரமாக, மெல்லியதாகக் கரைத்து வையுங்கள். பஞ்சு சுற்றிய ஈர்க்கில் தொட்டுக் கடதாசியில் கீறலாம். மண்ணிறத்தில் மரமும் மாடும் குளமும் வரும். காய்ந்த படத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். கூடவே ஆளுக்கொரு பனங்கட்டிக் குட்டான், சின்ன ஓலைப் பெட்டியில் அடைத்தது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள் நிறைந்த பையைவிட இது மலிவு. ஓலைப் பின்னலும் வேறோர் ஊர்ப் பெண்ணின் உழைப்பு.

பரிசு வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். எழுதுவது மட்டுமல்ல, வாயாலும் சொல்லுங்கள். பரிசு வாங்க முடியாததால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் தாய்மார் நம் ஊரில் இருக்கிறார்கள். மீறி யாராவது கொண்டுவந்தால் வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், எல்லோரும் போனபின் பிரிக்கலாம்.

இருட்டுவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் வீடு சேர வேண்டும். ஆறரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும், குளக்கட்டுப் பக்கம் வெளிச்சமும் இருக்காது. அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோர் இதையே காரணமாகச் சொல்லி அனுப்பாமல் விடக்கூடும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அழைப்பை மகளின் கையில் பாடசாலைக்குக் கொடுத்து அனுப்பாமல், நீங்களும் கணவருமாக இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பாட்டியையும் நேரில் அழையுங்கள். மூன்றரைக்கு ஓட்டோ வாசலுக்கு வரும், ஆறு மணிக்கு அதே ஓட்டோவில் கொண்டுவந்து விடுவோம், கூடவே எங்கள் மகளின் அப்பா வருவார் என்று ஓட்டோக்காரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் தேநீர் தந்தால், இருந்து குடித்துவிட்டு வாருங்கள்.